கணவாய் மையும் கலியபெருமாளின் வலது கண்ணும்

"மை எப்படி உங்களைத் தேடி வந்தது?" என்று கண்காட்சிகளில் கேட்பார்கள். அதற்கென்றே ஒரு பதில் வைத்திருந்தேன். சின்ன வயதில் பள்ளிக்கூட பெஞ்சில் மைக்கூடு கொட்டியது, அந்தக் கறையில் நான் வானத்தைக் கண்டேன் என்று நீட்டி முழக்குவேன். கேட்டவர்கள் உருகிப்போய் எழுதிக்கொள்வார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் பெஞ்சே கிடையாது. தரையில்தான் உட்கார்ந்தோம்.

நீங்கள் எல்லாம் இப்போதுதான் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். நான் தொழிலை விட்டாயிற்று. இனி பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மை என்னைத் தேடி வரவில்லை. கடலூர் முதுநகரில் கிலோ கணக்கில் நான்தான் வாங்கி வந்தேன்.

அப்போது திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அச்சகத்தில் டிசைன் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கட்சி நோட்டீஸ், எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வரும் வழியில் கணவாய் மீன் வாங்கினேன். வீட்டில் கழுவும்போது ஒன்றின் மைப்பை உடைந்து, பக்கத்தில் இருந்த தாளில் பாய்ந்தது. அது பங்குத் திருவிழா நோட்டீஸின் புரூஃப். பங்குச் சாமியாரின் முகம் மொத்தமும் போய்விட்டது. தாள் ஏற்கெனவே தண்ணீரில் நனைந்திருந்ததால் மை நின்ற இடத்தில் நிற்காமல் ஓட ஆரம்பித்தது. ஓடி, கிளை பிரிந்து, கிளையிலிருந்து மயிரிழை பிரிந்து, சாமியாரின் காது வரைக்கும் போய் அங்கே தயங்கி நின்றது. நான் குந்தியபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் குழம்பு மூன்று மணிக்குத்தான் கொதித்தது.

மறுநாள் அந்தத் தாளை ஸ்கேனரில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதன் பிறகு நான் உருப்படவில்லை. கணவாய் மை, பேனா மை, ரப்பர் ஸ்டாம்பு மை, எது கிடைத்தாலும் ஈரத்தாளில் விட்டு, அது போகிற போக்கைப் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, நிறம் மாற்றி, அடுக்கு மேல் அடுக்காக வைத்துப் படம் செய்தேன். தேர்தல் சமயத்தில் விரலில் வைத்த மையைக்கூட ஒற்றி எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. அரசாங்கம் அந்த ஒரு விஷயத்தில் கெட்டி.

வருடங்கள் போகப் போக ஓட்டல், ஆஸ்பத்திரி, பெரிய வீடுகள் என்று என் அரூபப் படங்களுக்குச் சுவர்கள் கிடைத்தன. தலைக்கனமும் கூடவே கிடைத்தது. கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சிதம்பரத்தில் புதிதாக ஒரு கண் ஆஸ்பத்திரி திறந்தார்கள். பெயர் வேண்டாம். டாக்டரம்மா சின்ன வயசு, கெட்டிக்காரி. பாண்டிச்சேரி ஓட்டல் ஒன்றில் என் படத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருந்தாள். முன் ஹாலில் மாட்டப் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு படம் வேண்டும் என்றாள். நான் கட்டடம் முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். ஆபரேஷன் முடிந்து மறுநாள் காலையில் நோயாளிகளை உட்கார வைத்துக் கட்டுப் பிரிக்கிற அறை ஒன்று. எதிரே அப்பழுக்கில்லாத வெள்ளைச் சுவர்.

"இங்கதான் டாக்டர் வைக்கணும். கண்ணத் தொறந்ததும் மொதல்ல பாக்கறது ஒரு கலைப்படைப்பா இருக்கணும்" என்றேன்.

அவள் தயங்கினாள். "ஸ்டெல்லா மேடம், உங்க படம் கொஞ்சம் கலங்கலா இருக்குமே?"

"கலங்கல் இல்ல டாக்டர். அது ஆழம்."

இப்படியெல்லாம் பேசினால் வாடிக்கையாளர் வாயடைத்துப் போவார். நீங்களும் பேசிப் பார்ப்பீர்கள். பேசுமுன் இந்தக் கதையை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

படம் செய்யும்போது ஒரு சின்னத் திருட்டுத்தனமும் செய்தேன். நல்ல கணவாய் மைத் தாள் ஒன்று இருந்தது. ஆனால் பன்னிரண்டு அடிக்கு இழுத்தபோது வலது ஓரத்தில் ஒரு முழம் போதவில்லை. புதிதாக மை விட்டு, காயவைத்து, ஸ்கேன் செய்ய இரண்டு நாளாவது ஆகும். எனக்குப் பொறுமை இல்லை. இடது பக்கம் கிளை கிளையாகப் பிரிந்திருந்த அழகான துண்டை நகல் எடுத்து, லேசாகச் சாய்த்து, வலது ஓரத்தில் ஒட்டிவிட்டேன். மை தானாக ஓடிய இடமும் நான் ஒட்டிய இடமும் பார்க்கிறவர் யாருக்குத் தெரியப்போகிறது? அரூப ஓவியத்தில் தப்புக் கண்டுபிடிக்க ஆள் பிறக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

பிறந்திருந்தார். புவனகிரிப் பக்கம், பெயர் கலியபெருமாள்.

படம் மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலை பத்து மணிக்கு டாக்டரிடமிருந்து போன்.

"மேடம், ஒடனே கெளம்பி வாங்க. ஒரு பேஷண்டுக்குக் கட்டுப் பிரிச்சோம். எதிர்ல உங்க ஆழத்தப் பாத்துட்டு, கண்ணு போச்சின்னு கத்தி, ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிகிட்டாரு. தொறக்கவே மாட்டேங்குறாரு."

"கண்ணு நெஜமாவே…?"

"அதெல்லாம் அருமையா இருக்கும். ஆனா தொறந்தாத்தானே சோதிக்க முடியும்? தொறந்தா மிச்சம் இருக்கறதும் போயிடுமாம். அவரு மச்சான் ஊருக்குப் போன் போட்டுட்டாரு. வேன்ல ஆளுங்க வராங்க. இன்னிக்கி ஆபரேஷனுக்கு வந்த மூணு பேரு பையத் தூக்கிகிட்டு வாசல்ல நிக்கிறாங்க."

புது ஆஸ்பத்திரி. ஊருக்குள் ஒரு தடவை "அங்க போனா கண்ணு போயிடும்" என்று பேச்சுப் பரவினால் அவ்வளவுதான். நான் மைத் தாளை ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். எதற்காக எடுத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால், அவருக்கு விளக்கிச் சொல்ல என்றிருப்பேன். உண்மையில் சண்டை வந்தால் என் பக்கம் சாட்சிக்கு ஏதாவது வேண்டுமே என்றுதான். பஸ் ஆலப்பாக்கம் தாண்டும் வரை படத்தைக் கழற்ற விடக்கூடாது என்பதைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அறையில் அவர் நாற்காலியில் நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருந்தார். எழுபது வயசு இருக்கும். கண்களை இறுக்கி மூடியதில் முகமே ஒரு முடிச்சாகிப் போயிருந்தது. பக்கத்தில் மச்சான் தனபால், வக்கீல் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றார்.

"படம் போட்டவங்க வந்துருக்காங்க மாமா" என்றார் தனபால்.

"யாரு வந்தா என்னா? கண்ணு போச்சி. செவுரெல்லாம் சேத்துத் தண்ணியா ஓடுது."

டாக்டர் என்னைப் பார்த்தாள். ஒரு மணி நேரம் அவள் கெஞ்சியாயிற்று, நர்ஸ் கெஞ்சியாயிற்று. நானும் கெஞ்சினால் இன்னும் இறுக்குவார் என்று பட்டது. அவருக்கு நேர் எதிரே போய் நின்றேன்.

"ஐயா, அந்தச் சேத்துத் தண்ணிய செவுத்துல ஊத்துனது நான்தான். திட்டணும்னா நல்லாத் திட்டுங்க. ஆனா கண்ண மூடிகிட்டுத் திட்டுனா எனக்கு ஒறைக்காது."

இரண்டு நிமிஷம் பொறுத்தார். மனுஷனுக்குக் கோபத்தை எவ்வளவு நேரம்தான் மூடி வைக்க முடியும்? படக்கென்று திறந்தார்.

"ஏம்மா, தல பூரா நரச்சிருக்கு, மோவாயில மச்சத்த வெச்சிகிட்டு, கட்டுப் பிரிக்கிற எடத்துல இப்பிடியா…"

தனபால் குறுக்கே பாய்ந்தார். "மாமா! மச்சம் தெரியுதா?"

கலியபெருமாள் நிறுத்தினார். என் மோவாயை மறுபடி பார்த்தார். "மச்சத்துல ஒரு முடி கூட தெரியுது" என்றார்.

அந்த முடியை நான் வருஷக்கணக்காக யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அப்போது அவரைக் கும்பிடத் தோன்றியது.

"அப்ப செவுரு மட்டும் ஏன் கலங்குது?" என்று கேட்டார்.

ஃபைலிலிருந்து தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "ஈரத்தாள்ல மைய விட்டா இப்பிடித்தான் ஓடும். இதத்தான் பெருசாக்கி செவுத்துல ஒட்டியிருக்கு. கலங்கறது உங்க கண்ணு இல்ல, மை."

அவர் தாளை வாங்கி முதலில் மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு தாளைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார், மறுபடி தாளைப் பார்ப்பார். நிலத்தகராறில் வரைபடத்தையும் வரப்பையும் ஒத்துப் பார்ப்பார்களே, அது மாதிரி. விரலால் ஒவ்வொரு கிளையாகப் பிடித்துக்கொண்டு போனார். எனக்கு ஒரே பெருமை. என் படத்தை இதுவரை யாரும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. டாக்டர் முகத்திலும் ரத்தம் திரும்ப ஆரம்பித்திருந்தது.

விரல் நின்றது.

"ஏம்மா, இந்தக் கோடியில பிரியிற வாய்க்கா, அந்தக் கோடியிலயும் இருக்கே?"

வாசலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒரு பெண், "ஐயய்யோ, ரெண்டு ரெண்டா தெரியுதாம்!" என்றாள். தாழ்வாரத்தில் பைகள் நகரும் சத்தம் கேட்டது.

"அது… டிசைன்ல அப்பிடி வரும்" என்றேன்.

"காயிதத்துல அந்தப் பக்கம் இல்லியே?"

"காயிதத்துல சின்னதா இருக்கும், தெரியாது."

அவர் தாளைத் திரும்பப் பார்த்தார். அப்புறம் மெதுவாக அவருடைய வலது கை எழுந்து, ஆபரேஷன் ஆன கண்ணை நோக்கிப் போனது. "அப்ப என் கண்ணுதான் ஒண்ண ரெண்டாக் காட்டுதா?" என்றார். இந்தத் தடவை கத்தவில்லை. பயந்துபோய், சின்னக் குரலில் கேட்டார்.

இதுதான் உங்களுக்கு நான் சொல்ல வந்த இடம். அந்த நேரத்தில் என் மண்டைக்குள் என்ன ஓடியது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். டாக்டர் பக்கத்தில் நிற்கிறாள், நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்வாள், ஸ்டெல்லா ஒட்டு வேலைக்காரி என்று ஊர் பேசும். இவ்வளவும் ஓடியது. இன்னும் ஒரு பொய் கைவசம் தயாராகவும் இருந்தது. ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னால் அவர் நல்ல கண்ணைக் கெட்ட கண் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார். என் படம் அசலாக இருக்க வேண்டுமானால் அவர் கண் போலியாக வேண்டும். இரண்டில் ஒன்றுதான் அந்த அறையில் நிற்க முடியும்.

"கண்ணத் தொடாதீங்க ஐயா" என்றேன். "உங்க கண்ணு சரி. நான்தான் திருடுனேன். ஓரத்துல ஒரு மொழம் பத்தல. அந்தப் பக்கத்துத் துண்டையே எடுத்து இந்தப் பக்கம் ஒட்டுனேன். யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு சாச்சும் வெச்சேன்."

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பிறகு கலியபெருமாளின் முகத்திலிருந்த முடிச்சு அவிழ்ந்தது.

"சாச்சி வெச்சா தெரியாதா? வெள்ளாறு ஒரு தடவ அறுத்த மாதிரி இன்னொரு தடவ அறுக்காதும்மா. நாப்பது வருசமா கரையில நெலம் வெச்சிருக்கவன்கிட்டயா?"

தனபால் வாசல் பக்கம் திரும்பி, "மாமாவுக்குக் கண்ணு வந்துருச்சி! அந்தம்மா திருட்டையே புடிச்சிட்டாரு!" என்று அறிவித்தார். தாழ்வாரத்தில் சிரிப்பு எழுந்தது. பைகள் திரும்பிக் கீழே வைக்கப்பட்டன. வேனில் வந்து இறங்கியவர்கள் சண்டைக்கு ஆள் இல்லாமல் டீ குடித்தார்கள். ஆபரேஷனுக்கு வந்த மூன்று பேரில் ஒருவர், "எனக்கும் நாளைக்கி அந்தத் திருட்டு வாய்க்காவக் காட்டணும்" என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்து நான் தாளுக்குக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"இன்னொண்ணு. இது கருப்பு. செவுத்துல இருக்கறது ஏன் நீலம்?"

"ரெண்டும் கருப்புதாங்க. கருப்புக்கு உசுரு வரட்டும்னு நீலம் துளியூண்டு சேப்போம். கண்ணுக்கே தெரியாது."

"துளியூண்டா? மயிலு கழுத்தாட்டம் இருக்கு!"

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தனபாலைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "நீலந்தாங்க" என்றார். நர்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீலம்தான் மேடம்" என்றாள்.

டாக்டர் கலியபெருமாளின் வலது கண்ணை ஓர் அட்டையால் மறைத்தாள். "இப்ப ஆபரேஷன் ஆவாத கண்ணால பாருங்க. என்னா நெறம்?"

"இப்ப கருப்பாத் தெரியுது."

அட்டையை எடுத்தாள். "இப்ப?"

"நீலம்."

டாக்டர் என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு, மேடம்?"

நான் சுவரைப் பார்த்தேன். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கருப்புதான். "கருப்பு" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"அந்த நாற்காலியில வந்து உக்காருங்க" என்றாள். மோவாயை வைத்துப் பார்க்கிற கருவி முன்னால் நான் மச்சத்தோடு உட்கார்ந்தேன். இரண்டு கண்ணிலும் புரை. நன்றாக முற்றியிருந்தது. புரை நீலத்தைத்தான் முதலில் விழுங்கும் என்றாள் டாக்டர். நான் வீட்டு பல்புகளைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன், கம்பெனி சரியில்லை என்று. கலியபெருமாள் தன் நாற்காலியிலிருந்தே, "பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் வலிக்காது" என்று தைரியம் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், மறு கண்ணை மூடிப் பார்த்தேன். மரம் மரமாகத்தான் இருந்தது. எனக்கு எது தெரியவில்லை என்பது எனக்கே தெரியவில்லை. "உங்க புளூ இருக்கே மேடம்!" என்று பாண்டிச்சேரிக்காரர்கள் சிலாகிக்கும்போதெல்லாம், துளி நீலத்தையும் கண்டுபிடிக்கிற ரசிகர்கள் என்று நான் அவர்களை மெச்சியிருக்கிறேன்.

நேரே பிரிண்ட் போடுகிறவரிடம் போனேன். என் வயசுக்காரர், இருபது வருஷமாக என் படங்களை அடிக்கிறவர்.

"என் கருப்பு நீலமாவா இருக்கு?"

"ரொம்ப நாளா நீலம்தானே. வருசா வருசம் ஜாஸ்தி ஆயிகிட்டே வருது."

"ஏன்யா சொல்லல?"

"நீங்க ஆர்ட்டிஸ்ட்டு. நான் என்னாத்த சொல்றது? உங்க ஸ்டைலுன்னு நெனச்சேன்."

பிள்ளைகளே, உங்கள் பக்கத்தில் இருப்பவர் வாயை உங்கள் பெருமையால் அடைத்துவிடாதீர்கள். நான் "அது ஆழம்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருந்தால் அந்த மனுஷன் இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்திருப்பார்!

சில வாரம் கழித்து என் வலது கண்ணுக்கு ஆபரேஷன். அதே நாளில் கலியபெருமாளுக்கு இரண்டாவது கண். மறுநாள் காலை அதே அறையில், அதே படத்துக்கு எதிரே, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இரண்டு பேரும் கட்டோடு உட்கார்ந்திருந்தோம். முதலில் எனக்குப் பிரித்தார்கள்.

கொஞ்ச நேரம் வெளிச்சம் கூசியது. மருந்து விட்டுத் துடைத்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். சுவர் முழுக்க நீலம். பன்னிரண்டு அடிக்கு, கொஞ்சமும் கூச்சமில்லாத நீலம். மயில் கழுத்து என்று அவர் மரியாதைக்காகச் சொல்லியிருக்கிறார். இதையா இத்தனை வருஷம் ஊர் ஊராக மாட்டினேன்? சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. நர்ஸ் கண்ணைத் துடைக்கக் கூடாது என்று அதட்டினாள்.

"டாக்டர், இதக் கழட்டிடுங்க. ஒழுங்கா ஒண்ணு செஞ்சி தரேன். ஒட்டு இல்லாம, சரியான நெறத்துல" என்றேன்.

"அதெல்லாம் முடியாது" என்றாள். "இப்ப கட்டுப் பிரிச்சதும் எல்லாருகிட்டயும் ரெண்டே கேள்விதான் கேக்குறோம். என்னா நெறம், எந்தத் துண்டு ரெண்டு எடத்துல இருக்கு. சரியாச் சொன்னவங்க சந்தோசமா வூட்டுக்குப் போறாங்க. எங்க எழுத்து சார்ட்ட விட இதுக்குத்தான் மவுசு."

"என் மானம் போவுதே டாக்டர்."

"உங்க பேரு யாருக்கும் தெரியாது மேடம். திருட்டு வாய்க்கா படம்னுதான் சொல்றாங்க."

அதற்குள் கலியபெருமாளுக்கும் பிரித்துவிட்டார்கள். இரண்டு கண்ணும் வந்த மனுஷன், முட்டியில் கை ஊன்றி முன்னால் குனிந்து, சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் பார்த்தார். நான் காத்திருந்தேன். ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லமாட்டாரா என்று இருந்தது.

"நல்லாத் தெரியுதா ஐயா?" என்று கேட்டேன்.

"ரெண்டு கண்ணும் பளிச்சினு தெரியுதும்மா" என்றார். "இது என்னான்னுதான் இன்னமும் தெரியல."

"எனக்கும்தாங்க" என்றேன்.